பழைய கடைகள் எங்கே போயின? டி.எச். ரோடு, எம்.சி. ரோடு பற்றி ஒரு பதில்

பதினைந்து வருஷம் வெளியூரில் இருந்துவிட்டுப் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்த ஒருவர், தனக்குத் தெரிந்த கடைகளில் பாதியைக்கூடக் காணோம் என்கிறார். மெட்ரோ ரயில் வந்துதான் வடசென்னையின் கடைத்தெரு செத்துப்போனதா, பழைய கடை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

கடைத்தெரு சாகவில்லை. பண்டிகைக்கு முந்தின வாரம் சாயங்காலம் எம்.சி. ரோட்டுக்குள் நுழைந்து பாருங்கள், தோள் இடிபடாமல் பத்தடி நடக்க முடியாது. ஆனால் பழைய கடைகள் போனது உண்மை. அதற்கு மெட்ரோ மேல் பழி போடுவது சுலபம், நானும் கொஞ்ச நாள் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் கணக்குப் பார்த்தால் உதைக்கிறது. என் அப்பாவுக்கு டி.எச். ரோட்டில் பாத்திரக் கடை இருந்தது. அதை 2011-இல் மூடினோம். மெட்ரோவின் வடக்கு நீட்டிப்புக்கு அடிக்கல் நாட்டியது 2016 ஜூலையில். பள்ளம் தோண்ட ஆள் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே எங்கள் ஷட்டர் இறங்கிவிட்டது. எங்கள் வரிசையில் நாங்கள் மட்டும் இல்லை.

ஊர் தெரியாதவர்களுக்காக முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன். டி.எச். ரோடு என்றால் திருவொற்றியூர் ஹை ரோடு. அரசாங்கப் பலகையில் நெடுஞ்சாலை என்று இருக்கும், வாயில் வருவது டி.எச். ரோடுதான். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்திலிருந்து தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை என்று வடக்கே போய்த் திருவொற்றியூர் தேரடியைத் தொடும். எம்.சி. ரோடு அதிலிருந்து நடக்கிற தூரம், துணிக்குப் பேர்போனது. வெளியாட்கள் அதை 'வடசென்னையின் தி.நகர்' என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் பாட்டி விடமாட்டாள். தி.நகரைத்தான் அவள் 'அந்தப் பக்கத்து எம்.சி. ரோடு' என்பாள்.

இந்தச் சாலையில் இருக்கிற ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே வியாபாரம்தான் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை. வரி வசூலித்த சாவடி இருந்த இடம் டோல்கேட். காலடிப்பேட்டை என்றதும் ஏதோ சாமியின் காலடி என்று தோன்றும். 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டைதான் நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆனது. அங்கே இருக்கிற கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலையும் அந்த வெள்ளைக்காரரோடு சேர்த்துத்தான் கதை சொல்வார்கள். தண்டையார்பேட்டை மட்டும் விதிவிலக்கு. தொண்டியிலிருந்து வந்த 'தொண்டியார்' குணங்குடி மஸ்தான் சாகிபுவால் வந்த பெயர் என்பார்கள். ஆக வெளுப்பவர், நெய்பவர், வரி வசூலிப்பவர், நடுவில் ஒரு சித்தர். சர் பிட்டி தியாகராயரும் நெசவுத் தொழிலில் வளர்ந்த குடும்பத்துக்காரர்தான். அவர் பெயரில்தான் சாலையோரத்தில் கல்லூரி, அதன் பெயரில் இன்று மெட்ரோ நிலையம். எம்.சி. ரோட்டில் துணிக்கடை ஏன் இத்தனை என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முந்நூறு வருஷமாக இந்தப் பக்கத்து மண்ணில் துணி வாசனை இருக்கிறது.

ஆனால் நீங்கள் ஞாபகம் வைத்திருக்கிற கடைத்தெருவைச் செய்தது கம்பெனிக்காரன் துணி இல்லை, ஆலைச் சங்கு. 1980-களில் எங்கள் கடையின் காலண்டர் தீபாவளி, பொங்கலை வைத்து ஓடவில்லை. மாதம் பிறந்து ஏழாம் தேதி, பத்தாம் தேதி. அன்றுதான் சம்பளம். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை. 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி டயருக்குப் போன எம்.ஆர்.எப். 1955-இலிருந்து என்பீல்டு. அதற்கு மேலே எண்ணூரில் அசோக் லேலண்ட். இந்தப் பக்கம் பெரம்பூரில் பின்னி மில். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பிறந்தது அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான். பத்தாம் தேதி சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஒரு கூட்டம் வரும் பாருங்கள், சைக்கிளில், காக்கிச் சட்டையோடு. மளிகைக் கடைக்குப் போன மாதப் பாக்கியைத் தீர்ப்பார்கள். சேட்டுக் கடையில் வட்டி கட்டுவார்கள். மிச்சத்தில் மனைவிக்கு ஜாக்கெட் பிட்டோ, எங்கள் கடையில் ஒரு தூக்கோ. போனஸ் என்றால் கேட்கவே வேண்டாம், எம்.சி. ரோடு ராத்திரி ஒரு மணி வரை தூங்காது.

இன்னொரு காலண்டரும் உண்டு, அது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக் காலண்டர். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு அது 45 நாளாக இருந்தது. அந்த இரண்டு மாதமும் அடகுக் கடையில் கூட்டம் இருக்கும், மற்ற கடையில் ஈ இருக்கும். ஜூன் பாதியில் படகு கிளம்பினால் ஜூலையில் நகை மீண்டு வரும், ஆடித் தள்ளுபடியில் துணி போகும். இந்தக் காலண்டர் இன்னும் மாறவில்லை.

மாறியது ஆலைக் காலண்டர். பின்னி மில் 1996-இல் மூடியது. விம்கோ இன்று ஒரு நகரின் பெயராகவும் ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயராகவும்தான் பலருக்குத் தெரியும். என்பீல்டுக்காரர்கள் 2013-இல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தார்கள். வேலை தென்மேற்கே நகர்ந்தது, நகராமல் இங்கேயே இருந்ததும் காண்ட்ராக்ட் ஆகிவிட்டது. பத்தாம் தேதி என்ற நாள் மெதுவாகச் செத்துப்போனது. மாதம் ஒரு தடவை மொத்தமாக ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவன் வாங்குகிற பொருள் வேறு, தினம் நானூறு ரூபாய் வைத்திருப்பவன் வாங்குகிற பொருள் வேறு. முதல் ஆள் பித்தளைக் குடம் வாங்குவான். இரண்டாம் ஆள் பிளாஸ்டிக் குடம் வாங்குவான், கூடவே செல்போனுக்கு ஒரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டு போவான். கடைத்தெரு எந்த ஆளைப் பார்த்து நிற்கிறதோ அந்த ஆளுக்கான சரக்கைத்தான் வைக்கும்.

இங்கே எங்கள் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், மன்னியுங்கள். கடை வாசலில் ஒரு பெரியவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். சம்பளம் கிடையாது, எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தட்டை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். இடது கையில் விரல் நீளத்துக்கு ஒரு உளி, வலது கையில் சின்னச் சுத்தி. கோடு இழுக்க மாட்டார், புள்ளிதான். டிக் டிக் டிக் என்று நிமிஷத்துக்கு நூறு புள்ளி விழும், உளி நகர்வதே தெரியாது. கடைசியில் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு. பார்த்தால் 'அன்பளிப்பு' என்று இருக்கும், கீழே பேரும் தேதியும். வளைந்த குடத்தின் கழுத்தில்கூட வரி கோணாது.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குப் பத்து வயதில்தான் தெரிந்தது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை உருவம் பார்த்து அப்படியே வெட்டுவார். ஒரு முகூர்த்த சீசனில் சீட்டு எழுதியது நான். 'அன்பளிப்பு' என்பதில் ளி-யின் கொக்கியை விட்டுவிட்டேன். ஒரு டஜன் எவர்சில்வர் தட்டும் 'அன்பளப்பு' ஆகிவிட்டது. அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். வாங்க வந்திருந்த அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விடுங்கண்ணா, புள்ளைய அடிக்காத. சோறு போட்டா எழுத்தா தெரியப்போவுது?" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தட்டுகள் இன்னும் யார் வீட்டிலோ இருக்கும்.

பிறகு கரண்டில் ஓடுகிற மிஷின் வந்தது. பேனா மாதிரி பிடித்து கிர்ரென்று எழுதிவிடலாம். பெரிய கடைகள் பேர் வெட்டுவதை இலவசம் ஆக்கின. பெரியவர் ஒருநாள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார். அதற்கு மெட்ரோ காரணமா, பெரிய கடை காரணமா? கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுப்பதே குறைந்து மொய்க் கவர் வந்ததுதான் காரணம் என்பேன் நான்.

இப்படித் தேவை போனதால் போன கடைகள் ஒரு கூட்டம். வீட்டுக்கு கேஸ் வந்ததும் விறகுத் தொட்டி போனது. சொந்த வண்டி வந்ததும் வாடகை சைக்கிள் கடை போனது. செல்போன் வந்து எஸ்.டி.டி. பூத்தை விழுங்கியது, அப்படியே வாட்ச் ரிப்பேர்காரரையும் கடித்தது. ஈயம் பூசுகிறவரை என் பிள்ளைகளுக்கு விளக்கவே அரைமணி நேரம் ஆனது. இவற்றுக்கெல்லாம் அழுவதில் அர்த்தமில்லை, உலகம் முழுக்க நடந்ததுதான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, கொஞ்சம் கூச்சமான விஷயம். நல்லா ஓடிக்கொண்டிருந்த பழைய கடைகள் பல தோற்றுப் போகவில்லை. நல்ல விலைக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போயின.

எப்படி என்றால், டி.எச். ரோட்டுக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களுக்குக் கவசமாக இருந்தது. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது, காலி பண்ண வைக்க வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போய்க் காரணம் காட்ட வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். அதனால் தாத்தா காலத்து வாடகையை பேரன் கட்டிக்கொண்டிருந்த கடைகள் நிறைய. எங்கள் வாடகையும் அப்படித்தான், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் இறந்தார். பிள்ளைகள் நாலு பேர் பாகம் பிரிக்க வேண்டும். மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. கோர்ட்டுக்குப் போவதைவிட வாடகைக்காரனுக்கு ஒரு தொகை கொடுத்துச் சாவியை வாங்குவது லாபம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தத் தொகையை வங்கியில் போட்டால் வருகிற வட்டி, கடையில் நாள் முழுக்க நின்று வருகிற லாபத்தைவிட அதிகம் என்று அப்பா கணக்குப் போட்டார். இரண்டு கணக்கும் சரி. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கடைசி நாள் வீட்டுக்காரரின் மூத்த பிள்ளை அப்பாவுக்கு டிபன் வாங்கிக் கொடுத்தார்.

நான் படித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததும் அந்தக் கணக்கில் ஒரு வரி. கல்லாவில் உட்கார வாரிசு இல்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

அந்தப் பழைய சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. இனி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும், காலம் முடிந்தால் பேசிப் புதுப்பிக்க வேண்டும். நியாயமான சட்டம்தான் என்பேன். ஆனால் மூன்று தலைமுறை ஒரே கடை என்பது இனி இந்தச் சாலையில் சொந்தக் கட்டடம் இருப்பவருக்கு மட்டும்தான். இன்றைய வாடகையைத் தூக்கக்கூடியது செல்போன் கடை, நகைக் கடையின் கிளை, மருந்துக் கடைச் சங்கிலி, பிரியாணிக் கடை. நாட்டு மருந்துக் கடை அந்த வாடகையில் எத்தனை பொட்டலம் கடுக்காய் விற்க வேண்டும் சொல்லுங்கள்.

சரி, மெட்ரோ. அதன் பங்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் ரயில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது. விம்கோ நகர் வரை 9 கி.மீ. நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14-இல் திறந்தது. நடுவே நாலைந்து வருஷம் சாலையின் வயிற்றில் தகரத் தடுப்பு. அந்த நேரத்தில்தான் பணமதிப்பிழப்பு, 2017-இல் ஜி.எஸ்.டி., கடைசியில் 2020-இல் கொரோனா. ஆரம்ப மாதங்களில் சென்னையில் ராயபுரம் மண்டலம்தான் மோசமான எண்ணிக்கையில் இருந்தது. வலுவாக இருந்த கடை இந்த நாலில் எதையாவது ஒன்றைத் தாங்கியிருக்கும். வரிசையாக நாலு அடி விழுந்தால் எந்தக் கடையும் சாயும். தண்டையார்பேட்டையில் 1967-இலிருந்து ஓடிய அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடியது. மேட்டினி விட்டதும் பஜ்ஜிக் கடை, சோடாக் கடை என்று ஒரு தெருவே அதை நம்பிப் பிழைத்தது.

இந்த நீட்டிப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நடந்து பார்த்தால்தான் பிடிபடும். மொத்த 9 கி.மீ.-இல் சுரங்கம் இரண்டு கி.மீ. சொச்சம்தான். தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை நிலையங்கள் தரைக்குக் கீழே. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ரயில் தூணில் ஏறி மேலே போகிறது. சுரங்கம் போன பகுதியில் தடுப்பை எடுத்ததும் தெரு பழையபடி மூடிக்கொண்டது, காயம் ஆறின மாதிரி. தூண் போன பகுதியில் அப்படி இல்லை. நடுவில் தூண், தூணைச் சுற்றி மதில். முன்பெல்லாம் மளிகை வாங்கிக்கொண்டே எதிர்ச்சாரியில் இருக்கிற பழக்கடையைப் பார்த்து "தம்பி, மாம்பழம் இன்னா வெல?" என்று கத்தலாம், ரெண்டு எட்டில் குறுக்கே போய்விடலாம். இப்போது சிக்னல் வரை நடந்து திரும்பி வர வேண்டும். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் யார் போவார்? ஒரே கடைத்தெருவாக இருந்தது இரண்டு ஒற்றைச்சாரித் தெருவாகிவிட்டது. மெட்ரோ செய்த நிஜமான சேதம் இதுதான் என்று நினைக்கிறேன், பள்ளம் தோண்டியது இல்லை. மறுபக்கம், தூணின் நிழலில் மதிய வெயிலிலும் வண்டி போட முடிகிறது என்று கரும்பு ஜூஸ்காரர் சந்தோஷமாக இருக்கிறார்.

இதுவரை சொன்னது எல்லாம் ஷட்டர் போட்ட கடைகள். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. பதினைந்து வருஷம் கழித்து வந்த நீங்கள் போர்டுகளைப் பார்த்தீர்கள், அதனால்தான் எல்லாம் மாறியதாகத் தெரிந்தது. கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிளாட்பாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் கடை நாலு முறை கைமாறியிருக்கும், முன்னால் அதே பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் அவர் மகள். இந்தச் சாலையில் பரம்பரை என்ற ஒன்று இன்னும் இருக்கிறதென்றால் அது ஷட்டருக்கு வெளியேதான்.

பிளாட்பாரத்துக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆறடி அகலம், அதற்கு மேல் சாக்கு விரிக்கக் கூடாது. காலையில் இட்லிக் கடை போட்ட இடத்தில் பதினொரு மணிக்குச் செருப்பு தைப்பவர், சாயங்காலம் நைட்டிக் கடை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் வாடகை தர மாட்டார்கள், ஆனால் நாலாவது ஆளை விடவும் மாட்டார்கள். பின்னால் இருக்கிற கடையிலிருந்து ஒரு ஒயர் வரும், பல்புக்குத் தினம் இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். கடைக்காரருக்கும் இதில் லாபம் உண்டு. வாசலில் கூட்டம் நின்றால்தான் உள்ளேயும் கூட்டம் வரும். பிளாட்பாரக் கடையைக் காலி பண்ணச் சொல்லி மனு கொடுத்துவிட்டு, காலியானதும் வியாபாரம் படுத்துப்போய் அவர்களையே திரும்பக் கூப்பிட்ட ஒரு துணிக்கடைக்காரரை எனக்குத் தெரியும்.

இவர்களுக்கு முதல் எங்கிருந்து வருகிறது? தண்டல். வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 ரூபாய் என்று நோட்டில் எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்டால் 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. வருஷக் கணக்கில் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு ஸ்வநிதி என்று தெருவோர வியாபாரிகளுக்கு இதே 10,000 ரூபாயை வங்கிக் கடனாகக் கொடுக்கத் தொடங்கியது. வட்டியை ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இருந்தும் தண்டல் போகவில்லை. காரணம் எளிது. வங்கிக்கு மாதத் தவணை, அதாவது இவர்களும் பத்தாம் தேதிக்காரர்களாக வாழ வேண்டும். தண்டல்காரர் சாயங்காலம் ஏழு மணிக்கு மொபெட்டில் கடைக்கே வந்து அன்றைய விற்பனையிலிருந்து நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு போகிறார். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு ஐந்நூறும் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஐந்நூறுக்கு என்ன விலை என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது தண்டல்காரரின் கழுத்திலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. மல்லிப்பூ முழம் போட்டதும் பக்கத்தில் இருக்கிற டப்பா "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறது. முழம் மட்டும் இன்னும் கை முழம்தான். குட்டைக் கைக்காரியிடம் வாங்காதே என்று பாட்டி சொன்ன புத்திமதி இன்றும் செல்லும்.

சாப்பாட்டையும் விட முடியாது. 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இட்லி மாதிரி. மஞ்சள் நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், கேட்டால் இரண்டாவது கிண்ணமும் காசில்லாமல் வரும். கரண்டியால் கலக்கிய அத்தோவை நான் சாப்பிடுவதில்லை, இது என் பிடிவாதம். மறுபக்கம் ஷவர்மா, மோமோ வந்திருக்கின்றன. வரட்டும். அத்தோவும் ஒரு காலத்தில் புதுசாக வந்ததுதானே.

2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 4,181 கோடி ரூபாயில் தொடங்கி வைத்தார்கள். சந்தை, பள்ளி, நூலகம், ஏரி என்று பட்டியல் நீளம். எனக்கு அதில் ஒரே ஒரு ஆசை. தூண் போட்ட பகுதியில் முந்நூறடிக்கு ஒரு இடத்தில் ஆள் குறுக்கே போக வழி விட்டால் போதும், கட்டடம் எதுவும் கட்ட வேண்டாம்.

பழைய கடை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, தேடுகிற முறை தெரிந்தால். பெரிய சாலையில் தேடாதீர்கள், பிரிகிற சந்துகளில் முதல் பத்துக் கட்டடத்துக்குள் பாருங்கள். போர்டில் தொலைபேசி எண்ணை எண்ணுங்கள். எட்டு இலக்கமாகி 25 என்று தொடங்கினால் பெரிய வயசில்லை. ஏழு இலக்கமாக இருந்து 5-இல் தொடங்கினால் இருபது வருஷத்துக்கு மேல். ஆறு இலக்கம் கண்ணில் பட்டால் உள்ளே போய் ஏதாவது வாங்குங்கள், தேவையில்லாவிட்டாலும். முகவரி 'சென்னை - 21' என்று முடிகிறதா, 'மெட்ராஸ் - 21' என்று முடிகிறதா என்பதையும் பாருங்கள். ஊர் பெயர் மாறியது 1996-இல், மெட்ராஸ் என்று இருந்தால் அதற்கு முன் எழுதின போர்டாக இருக்கும்.

போன மாதம் எங்கள் கடை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள், எதிரே நின்று பார்த்தால் எங்கள் படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. படியோரம் பூக்காரம்மா. என் முகத்தைப் பார்த்ததும் "இன்னாபா, அப்பா எப்டி கீறாரு?" என்றார். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது என்றேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு கூடையிலிருந்து அரை முழம் அளந்து காகிதத்தில் சுற்றி, "படத்துக்குப் போடு" என்று கொடுத்தார். காசு நீட்டினேன், டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டார்.